தீப்தி கேட்கவே இல்லை

போர்ட் பிளேர்
6-11-1993

அன்புள்ள வத்சலா அக்காவுக்கு,

ஜலஜாவின் நமஸ்காரம். அத்திம்பேருக்கும் சொல்லவும். என் உடம்பைப் பற்றிய வரியைத்தான் நீங்கள் முதலில் தேடுவீர்கள், அதனால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தேவலை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையை விடவில்லை.

ஹூக்ளி ஆற்றைத் தாண்டிக் கப்பல் கடலுக்குள் போனதும் உங்கள் தம்பி வாளியும் கையுமாகப் படுத்துவிட்டார். துறைமுக வேலை பார்க்கிற இன்ஜினீயர்! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "உனக்கு மட்டும் ஏன் வாந்தி வரலை?" என்று என்மேல் கோபம் வேறு. ஆகஸ்டில் அந்தக் குழந்தை பிறந்து ஒரு பொழுதுகூடத் தங்காமல் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஊர் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. எந்தத் தெருவில் இறங்கினாலும் கடைசியில் கடல் வந்து நிற்கிறது. இவர் காலையில் ஹாடோ துறைமுகத்துக்கு ஜெட்டி வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். இருட்டு இங்கே ஐந்து மணிக்கே வந்துவிடும். கம்பெனி பிடித்துக் கொடுத்த மாடி வீடு. கீழே வீட்டுக்காரி பூங்கோதை, பூர்வீகம் ராமநாதபுரம், பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தீவில். "படுக்காதே, ஊரைச் சுற்று" என்று டாக்டர் சொன்னதை இவர் தினமும் எனக்கு ஒப்பிக்கிறார். சுற்றுகிறேன்.

தீப்தியை உங்களிடம் விட்டுவிட்டு, அவள் தூங்கும்போதே நாங்கள் கிளம்பியது சரிதான் என்கிறார். நாலு வயசுக் குழந்தை அழுது ஆகாத்தியம் பண்ணியிருக்கும் என்று நீங்களும் சொன்னீர்கள். விழித்ததும் என்ன கேட்டாள்? அதை மறக்காமல் எழுதுங்கள். இரண்டு மாதம்தானே, ஓடிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்
ஜலஜா


பவானிபூர், கல்கத்தா
20-11-1993

சௌ. ஜலஜாவுக்கு வத்சலா ஆசீர்வாதம்.

இங்கு மூவரும் க்ஷேமம். என் முழங்கால் எப்போதும்போல. உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கிடைத்தது. நீ சாப்பிடுகிறாய் என்பதே எங்களுக்குத் தீபாவளி.

தீப்தி நன்றாக இருக்கிறாள். விழித்ததும் பால் கேட்டாள், கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை, அதனால் நீ அதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தீபாவளிக்குப் பாவாடை தைத்துப் போட்டேன். லேக் மார்க்கெட்டில் பார்த்தவர்களெல்லாம் என் ஜாடை என்கிறார்கள். அத்தை ஜாடை வருவது வழக்கம்தானே. மாடியில் வீட்டுக்கார மாஷிமா இவளுக்கு புச்கி, அதாவது பொடிசு, என்று பெயர் வைத்துவிட்டாள். இந்த ஊரில் செல்லப்பெயர் இல்லாத குழந்தை உண்டா? இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது, எனக்கும் அதுவே வாயில் வந்துவிடுகிறது.

தலைமுடியில் சிக்கு எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. நீ படுத்திருந்த மாதங்களில் யார் கவனித்தார்கள், பாவம். குற்றமாகச் சொல்லவில்லை.

ஜெய்ராமை வெயிலில் தொப்பி போடச் சொல்.

வத்சலா


போர்ட் பிளேர்
2-12-1993

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

எல்லோரும் சுகம்தானே? நான் சுகம். இவருக்கு மூக்கு நுனி கறுத்துவிட்டது, தொப்பியை வாங்கினாரே தவிர ஆணியில்தான் மாட்டியிருக்கிறார்.

நேற்று ராஸ் தீவுக்குப் படகில் போனேன், தனியாக! வெள்ளைக்காரன் கட்டிய சர்ச், பங்களா எல்லாவற்றையும் ஆலமர வேர் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே மான் மேய்கிறது. ஒரு மான்குட்டி என் கைப்பையை மோந்து பார்த்தது. பக்கத்தில் தீப்தி இருந்தால் எப்படிக் கத்தியிருப்பாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் எனக்கு அந்தத் தீவில் ஒன்றும் தெரியவில்லை.

படகில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. ஆகஸ்டிலிருந்து எனக்கு எதிலுமே ஆசை வரவில்லை. நேற்று வந்தது. என் பெண் வேண்டும் என்று வந்தது. இது உடம்பு தேறுவதற்கு அடையாளம்தானே அக்கா?

பூங்கோதை வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, பெத்த புள்ளைய அங்க விட்டுப்புட்டு இங்க கல்லையும் கடலையும் பாத்துக்கிட்டு அலையிறியே, மனசு கேக்குதா?" என்றாள். டாக்டர் சொன்னார் என்று ஏதோ சமாளித்தேன்.

அபர்டீன் பஜாரில் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாஷிமா வீட்டுக்குப் போன் செய்கிறேன். தீப்தியை அங்கே அழைத்துப்போய் வைத்திருங்கள். அவள் குரலைக் கேட்டால் போதும். அவள் என்னைப் பற்றி என்ன கேட்கிறாள் என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். மழுப்பாமல் எழுதுங்கள்.

ஜலஜா


பவானிபூர்
18-12-1993

சௌ. ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

க்ஷேமம். குளிர் ஆரம்பித்துவிட்டது. புச்கிக்கு ஸ்வெட்டர் பின்னி முடித்தேன்.

நீ போன் செய்த அன்று நாங்கள் ஜூவுக்குப் போய்விட்டோம். அத்திம்பேருக்கு ஒரு ஞாயிறுதான் கிடைக்கிறது. நீ மூன்று தரம் கூப்பிட்டதாக மாஷிமா சொன்னாள், வீண் சிரமம். இனிமேல் போன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். குரலைக் கேட்டால் குழந்தை கலங்கும். அடங்கியிருப்பதை ஏன் கிளறிவிட வேண்டும்? நீ மழுப்பாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அவள் உன்னைக் கேட்கவே இல்லை. சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள், என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறாள். ஒரு தாய்க்கு இதைவிட நிம்மதி என்ன வேண்டும்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆசை வந்தது, அழுகை வந்தது என்றெல்லாம் மனசை அலட்டிக்கொள்ளாதே. இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாய்.

வத்சலா


போர்ட் பிளேர்
5-1-1994

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். புது வருஷத்தில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் சொல்கிறார்கள், வாங்கி வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் திரும்பிவிடுவோம் என்று பெட்டியைக்கூடத் துடைத்து வைத்தேன். ஜெட்டி வேலை ஏப்ரல் மே வரை இழுக்குமாம். இவர் அதைச் சாதம் பிசைந்துகொண்டே, இன்றைக்கு ரசம் நன்றாக இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

அப்படியானால் தீப்தி இங்கே வரட்டும். நான் வந்து அழைத்து வருகிறேன். முன்பெல்லாம் நான் இந்த ஊரைச் சும்மா பார்த்தேன், இப்போது தீப்திக்காகப் பார்க்கிறேன். பூங்கோதை வீட்டுக்குப் பின்னால் தமிழில் சொல்லித்தரும் பாலர் பள்ளி ஒன்று இருக்கிறது, உள்ளே போய் டீச்சரைப் பார்த்தேன். குழந்தை டாக்டர் வீடு எங்கே, நல்ல பால் எங்கே என்றெல்லாம் விசாரித்துவிட்டேன். கார்பின் கடற்கரையில் அலை குறைவு, கணுக்கால் அளவு தண்ணீரில் குழந்தைகள் விளையாடுகின்றன. அங்கேயே அரை மணி நேரம் நின்று பார்த்தேன். பயப்படும்படி எதுவும் இல்லை.

இன்னொன்று. போன விஜயதசமிக்கு நான் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன், குழந்தையை எழுத்துக்கு உட்கார வைக்கவில்லை. வரும் விஜயதசமிக்கு இவர் மடியில் உட்கார வைத்து, நான் அரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்தை எழுத வைக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் மாத்திரைகளை விழுங்குகிறேன்.

பிப்ரவரியில் கப்பல் எப்போது என்று இவரை விசாரிக்கச் சொன்னேன். பார்க்கலாம் என்கிறார். உங்கள் தம்பியின் "பார்க்கலாம்" எப்படிப்பட்டது என்று வளர்த்த உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் ஒரு வரி எழுதினால் உடனே கேட்பார்.

ஜலஜா


பவானிபூர்
24-1-1994

சௌ. ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கு க்ஷேமம். தைலம் வேண்டாம், எனக்கு ஒத்துக்கொள்ளாது.

நீ எழுதியதைப் பற்றி நன்றாக யோசித்தேன். நாலு நாள் கப்பலில் குழந்தைக்கு ஏதாவது வந்தால் யாரைக் கேட்பாய்? அங்கே மலேரியா என்று ஆபீஸில் சொன்னதாக அத்திம்பேர் சொன்னார். புச்கியைத் தெருக்கோடி நர்சரியில் சேர்த்துவிட்டேன். பணம் கட்டியவுடனேயே நிறுத்தினால் படிப்பு கெடும். வங்காளி சரளமாகப் பேசுகிறாள். காளிகாட்டுக்கு மெட்ரோவில் போகும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் ஸ்டேஷன் பெயரெல்லாம் சொல்கிறாள். அவளுக்கு ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. காலையில் எழுந்தால் தலை வாரி, பால் குடித்து, பை எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

உனக்கு மறுபடி படுக்கை வந்துவிட்டால் அந்தத் தீவில் குழந்தை என்ன ஆவாள்? கேட்பது கடுமையாக இருக்கலாம். ஆனால் யாராவது கேட்கத்தான் வேண்டும்.

அவள் நிம்மதியாக இருக்கிறாள். உன்னைக் கேட்கவில்லை.

வத்சலா


போர்ட் பிளேர்
8-2-1994

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். சுகம்தானே என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பூங்கோதை வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். மறுபடி படுக்கை வந்துவிட்டால் என்ற கேள்வி எனக்கும் தினமும் வருகிறது. அதற்கு பதில் தெரியாமல்தான் மேடு பள்ளம் பார்க்காமல் நடக்கிறேன். சாத்தாம் மரமில்லுக்கு, ஜெயிலுக்கு, மரீனா பார்க்குக்கு என்று எங்கே போனாலும் கால் வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, அழுகை வருகிறதா என்று என்னையே பரீட்சை வைக்கிறேன். பாஸ் ஆகிவிட்டேன் அக்கா. நம்புங்கள்.

மார்ச்சில் வருகிறேன். தீப்தியிடம் சொல்லி வையுங்கள்.

ஜலஜா


பவானிபூர்
19-2-1994

சௌ. ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

சந்தோஷ சமாசாரம். சரஸ்வதி பூஜையன்று புச்கிக்கு ஹாத்தே கோடி நடந்தது. நாம் விஜயதசமியில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமே, அதையே இவர்கள் சரஸ்வதி பூஜையில் சிலேட்டில் செய்கிறார்கள். மாஷிமா வீட்டுப் பூஜையில் தெருக்குழந்தைகள் நாலு பேர் உட்கார்ந்தார்கள். இவளை மட்டும் விட மனசு வருமா? நாலரை வயசு ஆகப்போகிறது, இன்னும் விஜயதசமி வரை காத்திருப்பானேன்? மஞ்சள் புடவையைச் சின்னதாக மடித்துக் கட்டிவிட்டேன். பூஜை ஆகும்வரை இலந்தைப்பழம் தின்னக் கூடாதாம், தொடாமல் சமர்த்தாக இருந்தாள். அத்திம்பேர் மடியில் உட்கார வைத்து விரலைப் பிடித்தார், நான் சிலேட்டைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வங்காளி அ, பிறகு நம் அ. கண் பட்டுவிடும்போல இருந்தது, வந்து சுற்றிப் போட்டேன்.

என் இஷ்டத்துக்குச் செய்ததாக நினைக்காதே. ஜெய்ராமிடம் ஆபீஸ் போனில் கேட்டேன், சரி என்றான். நீ மார்ச்சில் வருவதாக எழுதியது எனக்குப் புரியவில்லை. ஒரு வருஷமாவது குழந்தை இங்கே இருக்கட்டும் என்று கிளம்பும்போதே அவன் என்னிடம் சொன்னதுதானே? உன்னிடமும் பேசியிருப்பான் என்று நினைத்தேன்.

வத்சலா


போர்ட் பிளேர்
3-3-1994

வத்சலா அக்காவுக்கு,

நமஸ்காரம்.

என்னிடம் யாரும் பேசவில்லை. இரண்டு மாதம் என்று சொல்லி என்னைக் கப்பலேற்றினார்கள். ஒரு வருஷம் என்பது உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை இவர் முன்னால் போட்டேன். "நீ அப்ப இருந்த நிலமை உனக்குத் தெரியாது ஜலஜா. எனக்கு வேற வழி தெரியலை. அக்கான்னா நம்பி விடலாம்னு தோணித்து" என்றார். தலை நிமிரவில்லை. மூன்று நாளாக எங்கள் வீட்டில் குழம்பு ரசத்துக்கு மேல் பேச்சு கிடையாது.

அக்கா, பால் கொடுத்தீர்கள், தலை வாரினீர்கள், ஸ்வெட்டர் பின்னினீர்கள். அத்தனைக்கும் நான் உங்கள் காலில் விழத் தயார். ஆனால் அந்த மடி அவள் அப்பாவினுடையது. அந்தத் தட்டைப் பிடிக்க வேண்டியவள் நான். ஜனவரியில் அதை நான் உங்களுக்கு எழுதினேன். எழுதிய பிறகும் செய்தீர்கள். அவள் எழுதிய முதல் எழுத்தை நான் இனி எந்த ஜன்மத்தில் பார்ப்பேன்? எனக்கு வயிறு எரிகிறது, அதை எரியவில்லை என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுங்கள். நிஜமாகவே தீப்தி என்னைக் கேட்பதில்லையா? இல்லை என்பது உண்மையானால் நான் வரவில்லை. ஒரு வருஷம் என்ன, உங்களோடேயே இருக்கட்டும். ஆம், இல்லை, ஏதாவது ஒன்றை எழுதுங்கள்.

ஜலஜா


கல்கத்தா
21-3-1994

சௌ. ஜலஜாவுக்கு சுந்தரராஜன் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. வத்சலா பதில் எழுதவில்லை. தினமும் பேனாவை எடுக்கிறாள், மூடி வைக்கிறாள். "நான் எழுதட்டுமா?" என்று நேற்றுக் கேட்டேன். "எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டாள். எனவே அவளுக்குத் தெரிந்தே பாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

நீங்கள் போன முதல் வாரம் குழந்தை ஓயாமல் அம்மா எங்கே என்று கேட்டது. சாப்பிடவில்லை. வத்சலாவால் தாங்க முடியவில்லை. "அம்மாக்கு ஒடம்பு ரொம்ப முடியலை, நீ கேட்டுண்டே இருந்தா அம்மாக்கு இன்னும் ஜாஸ்தியாயிடும்" என்று சொல்லிவிட்டாள். அன்றோடு குழந்தை கேட்பதை நிறுத்திவிட்டது. வத்சலா உனக்கு எழுதியது முழுப் பொய் இல்லை. அதற்குப் பிறகு அவளிடம் தீப்தி கேட்கவே இல்லை.

என்னிடம் கேட்டாள். சாயங்காலம் நான் பாங்கிலிருந்து வரும்போது மாடிப்படித் திருப்பத்தில் நிற்பாள். என் காதைப் பிடித்துக் கீழே இழுத்து, சத்தம் வராமல், "கப்பல் வந்தாச்சா?" என்பாள். இல்லை என்றால் பேசாமல் என் குடையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போவாள். இத்தனை மாதத்தில் ஒரு நாளும் தவறவில்லை. நீ போன் செய்த அன்று நாங்கள் ஜூவுக்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தோம். நானும் இருந்தேன்.

வத்சலாவைத் திட்டாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. குழந்தை வந்த பிறகு அவள் காலையில் பாடிக்கொண்டே காபி போடுகிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்.

அடுத்த கப்பலில் புறப்பட்டு வா. தந்தி கொடு, கிதர்பூர் டாக்குக்கு வருகிறேன்.

சுந்தரராஜன்


பவானிபூர், கல்கத்தா
9-4-1994

தீப்தியின் அப்பாவுக்கு,

சௌக்கியமாக இருக்கிறீர்களா? நான் சௌக்கியம். கப்பலில் தனியாகத்தான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பூங்கோதை வீட்டில் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அத்திம்பேர் டாக்சியில் அழைத்து வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் அவள் நின்றிருந்தாள். உயரமாகிவிட்டாள். ஓடி வருவாள் என்று நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். வரவில்லை. மேலே வாசலில் நின்ற அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, ஒனக்கு ஒடம்பு சரியாயிடுத்தா?"

"ஆயிடுத்துடி கண்ணா."

"அப்ப நான் கேக்கலாமா?"

"என்ன கேக்கணும்?"

"நீ எப்ப வருவே?"

எதிரில்தான் நிற்கிறேன். ஆனாலும் இத்தனை மாதம் அடக்கி வைத்ததை என்னிடம் கேட்டாக வேண்டும் அவளுக்கு. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்திம்பேர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

சண்டை போடத்தான் வந்தேன். கப்பலில் வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். சமையலறைக்குப் போனபோது அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நீ சுவத்தப் பாத்துண்டு படுத்திருந்தயே, அப்பல்லாம் அவ ஒன் கட்டில் காலப் பிடிச்சுண்டு நின்னுண்டே இருப்பா. சில நாள் நின்னபடியே தூங்கிடுவா. நீ அதப் பாக்கல. நான் பாத்தேன்" என்றாள். திரும்பவே இல்லை. அவள் செய்தது தப்பு. ஆனால் அந்தக் கட்டில் கால் நிஜம்.

தீப்தியின் பெட்டியை அக்காதான் அடுக்கினாள். ஸ்வெட்டர், பாவாடை, நர்சரி பை எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டாள். "பால்ல அரை ஸ்பூன் சக்கரை போறும், மேல போட்டா இருமல் வரும்" என்றாள். எனக்கு, என் பெண்ணுக்கு எவ்வளவு சர்க்கரை என்று! சரி என்றேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. உங்களோடு எனக்கு இன்னும் பேச்சு முடியவில்லை, வந்து பேசுகிறேன். என்னைக் கேட்காமல் என் பெண்ணைப் பற்றி இனி ஒரு முடிவும் கிடையாது. தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு வந்து நில்லுங்கள்.

ஜலஜா


போர்ட் பிளேர்
2-5-1994

அன்புள்ள வத்சலா அக்காவுக்கு,

நமஸ்காரம். அத்திம்பேருக்கும் நமஸ்காரம். நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். தீப்தி கப்பலில் அப்பாவைப்போல வாந்தி எடுக்கவில்லை, என்னைக் கொண்டிருக்கிறாள். பாலில் அரை ஸ்பூன்தான் போடுகிறேன், இருமல் இல்லை. உங்கள் முழங்காலுக்கு நான் வாங்கி வைத்த தைலத்தைப் பெட்டியில் கொண்டுவந்தேன், உங்கள் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தடவுங்கள்.

நான் உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வந்து இரண்டு வாரம் அப்படியே இருந்தேன். என் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வந்ததிலிருந்து ஊரைக் காட்டிக்கொண்டிருந்தேன். ராஸ் தீவு மான், கார்பின் கடற்கரை, பஜார் மணிக்கூண்டு எல்லாம் பார்த்தாள். சிரித்தாள், சாப்பிட்டாள், சமர்த்தாக என் பக்கத்தில் தூங்கினாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அல்ப சந்தோஷம். பார்த்தாயா, பெற்றவள் பெற்றவள்தான் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை.

நேற்றுச் சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஜெட்டியிலிருந்து இவர் வந்தார். தீப்தி கீழே படியில் நின்று அவர் காதைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் பேசாமல் அவர் பையை வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். கையிலிருந்த துணியை அப்படியே போட்டேன். அக்கா, நான் அவளிடம் கேட்காதே என்று சொல்லவே இல்லை. நான் சொல்லாமலே அவள் அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

இறங்கிப் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். "என்ன வேணுமோ உரக்கக் கேளு. யாருக்கும் ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது. இந்த வீட்டுல யார வேணா கேக்கலாம்" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் நிஜமாகத்தான் சொல்கிறோமா என்று பார்த்தாள். அப்புறம் போட்டாளே ஒரு சத்தம், பூங்கோதை பதறிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அத்த எப்ப வருவா?"

நிறுத்தவில்லை. இன்று காலையிலிருந்து பத்துத் தரம் கேட்டுவிட்டாள். நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டதை உங்களிடம் மறைக்க என்னால் முடியவில்லை, அதனால் எழுதிவிட்டேன். பதில் மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஜலஜா